எண்பது அடி தள்ளி நின்று எடுத்த படம்

நாகாகுரா ஷோசோ தன் மனைவியின் சாவுப் படத்தை எடுப்பதற்காகத்தான் அந்த லென்ஸை வாங்கினார். இதை நான் சொல்லவில்லை. அவரே கட்டம் போட்டு, எழுதி, முத்திரை குத்திய தாள் சொல்கிறது. அந்தத் தாளை அவர் மனைவி மிட்சுயேதான் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். எதிரெதிர்க் கட்டடங்களில் இருபத்தாறு வருடமாகக் குடியிருக்கிறோம். அவள் அன்று சிரித்த சிரிப்பில் ஈரம் இருந்தது என்பது எனக்குத் தெரியாதா?

போன வசந்தத்தில் அவளுடைய அக்கா இறந்தாள். அவசரத்தில் நல்ல படம் ஒன்றும் அகப்படவில்லை. வெந்நீர் ஊற்றுச் சுற்றுலாவில் பஸ்ஸுக்கு முன்னால் நின்று எடுத்த கூட்டப் படத்திலிருந்து அக்காவை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, பூக்களுக்கு நடுவில் வைத்தார்கள். அக்காவின் தோளில் முன்பின் தெரியாத ஒருவருடைய கை இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கைக்கும் சேர்த்துத் தூபம் போட்டுத் தலை குனிந்தார்கள். தன் படம் அப்படி ஆகக் கூடாது என்று மிட்சுயே அன்றே முடிவு செய்துவிட்டாள்.

இலையுதிர் காலத்தில் அவளுக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். நவம்பர் பதினாலாம் தேதி ஆபரேஷன். சின்ன ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். ஆபரேஷன் சின்னதாக இருந்தால் பயமும் சின்னதாகிவிடுமா?

"என்னங்க, நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு நல்ல படம் எடுத்துக் குடுங்க. எங்கம்மாவோட கிமோனோ, அந்த இடுப்புப் பட்டை, ரெண்டும் தெரியணும். யார் கையும் தெரியக் கூடாது."

அந்த மாலையே எடுத்திருக்கலாம். ஓய்வு பெற்றபோது மகள் வாங்கிக் கொடுத்த சின்ன மிரர்லெஸ் கேமரா அவரிடம் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும். அதனுடன் வந்த குட்டி ஜூம், அணைத்தால் ஆமை போல் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அழகாகப் படம் எடுக்கும்.

"அதுக்கு இந்த லென்ஸ் பத்தாது," என்றார் அவர். "உன் மூஞ்சிக்குன்னு ஒரு தரம் வேண்டாமா?"

முப்பத்தெட்டு வருடத்தில் மனைவியின் முகத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதுவும் பொய்!

உண்மை என்னவென்றால், பூங்காக் குளத்தில் ஒரு மீன்கொத்தி இருக்கிறது. அதைப் படமெடுக்கக் காலை ஏழு மணிக்கே பத்துப் பன்னிரண்டு கிழவர்கள் மடக்கு நாற்காலியோடு வந்துவிடுவார்கள். யார் எங்கே உட்காருவது என்பது எழுதாத சட்டம். லென்ஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு முன்னால் இடம். முதல் நாற்காலி ஒகிதா என்ற பழைய பல் டாக்டருக்கு. அவர் லென்ஸ் ஒரு வாளி அளவு. நாகாகுராவுக்குக் கழிப்பறைச் சுவரோரம் நிற்க இடம்.

"நாகாகுரா சான், கொசுவைப் படம் எடுக்க வந்தீங்களா?" என்பார் ஒகிதா.

"பாவம்யா, அவர் லென்ஸு வெக்கப்பட்டு உள்ள போயிடுச்சு பாரு," என்பார் இன்னொருவர்.

நாற்பத்தொரு வருடம் லிஃப்ட் உதிரிபாகக் கம்பெனியில் பொது நிர்வாகப் பிரிவை ஆட்டிவைத்த மனிதர், கொசு என்ற சொல்லைச் சுமந்துகொண்டு வீடு திரும்புவார். அந்தக் கம்பெனியில் ஒரு அழிரப்பர் வாங்கவும் ஒப்புதல் படிவம் வேண்டும். நோக்கம், மாற்று வழிகள், பரிந்துரை என்று எழுதி, ஒவ்வொரு மேசையாகப் போய் முத்திரை வாங்கி வர வேண்டும். ஓய்வு பெற்றபின் அந்தப் பழக்கத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவார்? வீட்டிலேயே போட்டார். ‘ஜூம் லென்ஸ் ஒன்று வாங்குவது தொடர்பாக’ என்று தலைப்பிட்டு, நோக்கம் என்ற இடத்தில் ‘மனைவியின் இறுதிச் சடங்குப் படம்’ என்று எழுதி, கையெழுத்துக்குப் பதிலான தன் பெயர் முத்திரையைக் குத்தி, அவள் முத்திரைக்கும் ஒரு கட்டம் விட்டு, சாப்பாட்டு மேசையில் மிட்சுயேயின் மீசோ சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

தாளில் மூன்று லென்ஸ்கள், மில்லிமீட்டர் கணக்கில்; எண் கூடக் கூடத் தூரம் எட்டும். பதினான்கிலிருந்து நூற்று நாற்பது வரை போகும் ஒன்று. வீட்டுக்குள்ளும் எடுக்கும், கொஞ்சம் தூரமும் எட்டும், எடை குறைவு. நூறிலிருந்து முந்நூறு ஒன்று. நூறிலிருந்து நானூறு ஒன்று. ஒரு கிலோ, தூரத்துக்கு ராஜா, கிட்டத்துக்கு உதவாது, வெளிச்சம் குறைந்தால் திணறும். இவ்வளவும் அவர் கைப்பட எழுதியதுதான்.

மிட்சுயே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"முதல் லென்ஸையே வாங்குங்க. கிட்டயும் எடுக்கும், தூரமும் எடுக்கும்னு நீங்களே எழுதியிருக்கீங்களே?"

"எல்லாத்தையும் எடுக்கற லென்ஸ் எதையும் ஒழுங்கா எடுக்காது."

"நானும்தான் சமையல், துணி, உங்கம்மா, பொண்ணுன்னு எல்லாத்தையும் பாத்தேன். எதையும் ஒழுங்காப் பாக்கலையா?"

அவர் தாளைத் திருத்தி எழுத எடுத்துப் போனார். இரண்டாவது முறை வந்தது; மூன்றாவது முறையும் வந்தது. ஒவ்வொரு தடவையும் நானூறுக்கு அவர் போட்ட மதிப்பில் இன்னும் இரண்டு நட்சத்திரம் கூடியிருந்தது. மிட்சுயேயின் முத்திரைக் கட்டம் காலியாகவே இருந்தது. சனிக்கிழமைதோறும் நாகானோவில் பழைய கேமராக் கடைக்குப் போய், மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்து, கடைப் பையனின் பொறுமையைத் தின்றுவிட்டு வெறுங்கையோடு வருவார். அக்டோபர் போனது. மிட்சுயே இரவில் விலாவைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து லென்ஸ் விமர்சனம் படித்தார்.

நவம்பர் முதல் வாரம் குளக்கரையில் ஒகிதா அவரைத் தோளில் தட்டினார்.

"அந்தச் சுவரோரம் சிவப்பு வண்டு நிறைய வருது. உங்க சைஸுக்கு அதான் சரி."

அன்றே நாகானோவுக்கு ரயில் ஏறிவிட்டார். முத்திரை இல்லாமல்! நாற்பத்தொரு வருடத்தில் முதல் குற்றம். பழைய குட்டி ஜூமையும் கடையிலேயே கொடுத்துவிட்டு, நூறு-நானூறோடு வந்து நின்றார். மறுநாள் குளக்கரையில் இரண்டாவது வரிசையில் நாற்காலி போட்டார்கள். மிட்சுயே பெட்டியைப் பார்த்தாள், கத்தவில்லை.

"சரி. எந்தக் காரியத்துக்குன்னு எழுதினீங்களோ அந்தக் காரியத்தைப் பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை."

ஞாயிறு காலை அவள் சாம்பல் ஊதா நிறக் கிமோனோ உடுத்து, அம்மாவின் பட்டையைக் கட்டி, ஆறு பாய் விரிக்கும் அளவேயான அறையின் சுவரோரம் உட்கார்ந்தாள். அவர் எதிர்ச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு பார்த்தார். முகம் வந்தது, பட்டை வரவில்லை. போதாததற்கு அறை இருட்டு, கை நடுக்கம். எடுத்ததெல்லாம் ஆவி போல் இருந்தது.

"சடங்குக்கு முன்னாடியே ஆவி ஆயிட்டேனா?" என்றாள் மிட்சுயே.

வெளிச்சம் வேண்டும், தூரம் வேண்டும். அவளைப் பால்கனியில் உட்கார வைத்துவிட்டு அவர் இறங்கி, எதிர்க் கட்டடம் ஏறி, நாலாவது மாடியில் என் வீட்டு வாசலில் கேமரா முக்காலியை விரித்தார். கதவைத் திறந்தால் வழியை மறித்து நிற்கிறார். எண்பது அடி தள்ளி, துவைத்த துணிகளுக்கும் வெயிலில் போட்ட மெத்தைகளுக்கும் நடுவே, முழுக் கிமோனோவில் மிட்சுயே கையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

"தாடையை இறக்கு!" என்று கத்தினார்.

"என்னது?"

"தாடை! தாடை!"

கட்டடங்களுக்கு நடுவே குரல் எதிரொலித்தது. ஒவ்வொரு பால்கனியாக மக்கள் வெளியே வந்தார்கள்.

"யாரு போயிட்டாங்க?" என்று, இழவுக்குப் போகும் உடையோ என்று நினைத்துக் கீழ்வீட்டுக்காரி கேட்டாள்.

"இன்னும் இல்ல! புருஷன் படம் எடுக்கறார்!" என்றாள் மிட்சுயே.

"அங்கேருந்தா? ஏன், உங்களுக்குத் தொத்து நோயா?"

சிரிப்பு மாடி மாடியாக ஏறியது. பாவம் மிட்சுயே, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அன்று அந்தப் பட்டையில் அவள் எவ்வளவு அழகாக இருந்தாள்! அவர் விடாமல் அழுத்தினார். கால் மணி நேரம்.

"தோளை இறக்கு! இன்னும் கொஞ்சம்! கண்ணை மூடாதே!"

கடைசியில் அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, பால்கனிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கட்டடமே கேட்கக் கத்தினாள்.

"முப்பத்தெட்டு வருஷமா பக்கத்துலதானே இருந்தேன்! அப்போல்லாம் பாக்காம இப்போ அங்க நின்னு என்னத்தப் பாக்கறீங்க?"

துணிக்கம்பியில் இருந்த ஒரு குருவி பயந்து பறந்தது.

படங்களை என் வீட்டு மேசையில் வைத்துத்தான் பார்த்தோம். இருநூற்றுப் பதினோரு படங்கள். கேமராவின் ஃபோகஸை அவர் குளத்துக்காக ‘பறவையைக் கண்டால் அதையே பிடி’ என்று வைத்திருந்தார், மாற்ற மறந்துவிட்டார். இருநூறு படங்களில் துணிக்கம்பிக் குருவியின் ஒவ்வொரு இறகையும் எண்ணிவிடலாம் போல் துல்லியம். அதற்குப் பின்னால், மங்கலான சாம்பல் ஊதாக் கறையாக என் தோழி. குருவி பறந்த பிறகான பதினொன்றில் மட்டும் கேமராவுக்கு வேறு வழியில்லை, மிட்சுயேயைப் பிடித்தது. வாய் திறந்து, புருவம் நெரித்து, கண்ணில் நீர் பளபளக்க, பட்டையின் ஒவ்வொரு இழையும் தெரிய, அவரை நேராகப் பார்த்துக் கத்துகிறாள்.

நாகாகுரா கேமராவை அணைக்கக் கை நீட்டினார்.

"நாளைக்கு மறுபடி எடுக்கறேன். வேற லென்ஸ்... அந்தப் பதினாலு நூத்தி நாப்பது..."

"வேண்டாம்," என்றாள் மிட்சுயே. ஒன்றைத் தொட்டாள். "இதுதான்."

"இதையா? சடங்குல வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"எல்லாரும் வந்து குனிவாங்க. நீங்களும் குனிஞ்சுதானே ஆகணும். நிமிரும்போது நான் இப்படித்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

அவர் மறுநாள் அச்சடித்து, கறுப்புச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதைப் பட்டுத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆபரேஷன் நடந்த மூன்று மணி நேரமும் அவர் குளத்துக்குப் போகவில்லை என்பதை அவருக்குச் சாதகமாக இங்கே சொல்லிவிடுகிறேன். தாழ்வாரத்து நாற்காலியில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, அதில் ‘பறவை’ என்றிருந்ததை ‘மனிதர்’ என்று மாற்றி, மறுபடி சரிபார்த்து, மறுபடி சரிபார்த்து உட்கார்ந்திருந்தார்.

மிட்சுயே ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தாள். கல்லை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். காலியாகக் கிடந்த தன் கட்டத்தில் முத்திரையை அழுத்தி, அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். முத்திரை தலைகீழாக இருந்தது. அது தவறி விழுந்ததில்லை என்பது ஆபீஸில் காலம் தள்ளிய எவருக்கும் தெரியும். எனக்குச் சம்மதமில்லை, ஆனாலும் தடுக்கவில்லை என்று சொல்ல, பெரிய மேசைக்காரர்கள் அப்படித்தான் குத்துவார்கள். நாற்பத்தொரு வருடத்தில் அப்படி ஒரு முத்திரையை அவர் யாரிடமும் வாங்கியதில்லை.