ஆறு வரிசையும் வாசலைப் பார்த்து

இடுப்பில் எந்நேரமும் அளவு டேப் தொங்குவதால் வேலையிடத்தில் எல்லோருக்கும் அவள் டேப் அக்கா. பத்தொன்பது வயதில் கேபிள் இழுக்க வந்தவள். டேட்டா சென்டர்களில் உயர்த்திப் போட்ட தரைக்கு அடியில் தவழ்ந்தே பதினாறு வருடம் ஓட்டினாள். மேலே ஏசி அறையில் உட்கார்ந்து வரைகிறவர்களின் படம் எங்கே சொதப்பும் என்பது அடியில் கிடந்தவளுக்குத்தானே தெரியும்? எந்தக் கேபிள் கட்டு குளிர்காற்றை மறிக்கிறது, சர்வர் கம்ப்யூட்டர்கள் அடுக்கிய எந்த ரேக்குக்குக் காற்று எட்டவில்லை என்று நச்சரித்து நச்சரித்தே கடைசியில் படம் வரையும் நாற்காலிக்கு வந்து சேர்ந்தாள். யாரும் தூக்கிக் கொடுத்த நாற்காலி இல்லை அது. அதற்குள் முழங்கால் தேய்ந்துவிட்டது. இனிமேல் மண்டி போட்டு வேலை செய்தால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

புதுக் கூடத்துக்கு ஆறு வரிசை ரேக். ரேக்கில் இருக்கும் சர்வர்கள் முன்பக்கம் குளிர்காற்றை இழுத்து, பின்பக்கம் அனலாகத் துப்பும். அதனால் வரிசைகளை முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகாக நிறுத்த வேண்டும். ஒரு சந்தில் குளிர்ச்சி, அடுத்த சந்தில் சூடு. இரண்டும் கலக்கவே கூடாது. டேப் அக்கா அப்படித்தான் வரைந்து கொடுத்தாள். மேனேஜர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு வேறொரு படத்தை நீட்டினார். அதில் ஆறு வரிசையும், வகுப்பில் வாத்தியாரைப் பார்த்து உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி, வாசலைப் பார்த்தே நின்றன.

“அடுத்த மாசம் முதலாளிங்க சுத்திப் பாக்க வராங்க. உள்ள நடந்து வரப்ப எல்லா வரிசையிலயும் லைட் மின்னணும். வரவங்களுக்கு முதுகையா காட்டறது?” என்றார்.

“சார், முதல் வரிசை விடற அனலை ரெண்டாவது இழுக்கும். அது இன்னும் சூடாக்கி மூணாவதுக்குத் தள்ளும். ஆறாவது வரிசை வெந்தே போயிடும்.”

“ஏசியைக் கூட்டி வெச்சுக்கலாம்.”

“அடுப்பையும் எரிய விட்டுட்டு விசிறியையும் போட்டுக்கற கதையா இருக்கு, சார்.”

மேனேஜருக்குச் சுருக்கென்றது. “நாளைக்கு இந்தப் படத்துக்குப் பொறுப்பேத்துக் கையெழுத்து போட்டுடுங்க. இல்லைன்னா திங்கக்கிழமையிலேருந்து பழையபடி கேபிள் வேலைக்குப் போயிடுங்க.”

மறுநாள் காலை, பஸ் ஓட்டும் கணவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே பேச்செடுத்தார். “உன் காலை நெனச்சுப் பாரு. ஒரு கிறுக்கல்தானே, போட்டுட்டு வாயேன்.”

“பிரேக் பிடிக்காத பஸ்ஸை, பாக்க அழகா இருக்குன்னு நீங்க எடுப்பீங்களா?”

“எடுக்க மாட்டேன்.”

“அப்ப என்னை மட்டும் ஏன் எடுக்கச் சொல்றீங்க?”

அவர் வேலைக்குக் கிளம்பினார். போகிற போக்கில் மண்டி போட்டு வேலை செய்யும்போது அவள் கட்டும் முழங்கால் உறையை எடுத்து அவள் பையில் வைத்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. பயம்தான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு படி மேலே இருந்தது.

மேனேஜர் அறையில் பேனாவை வாங்கினாள். ‘இப்படி வைத்தால் மூன்றாவது வரிசையிலிருந்து சூடு தாங்காது. சொன்னேன், கேட்கவில்லை’ என்று படத்தின் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்து போட்டாள். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு புதுத் தாள் அச்சடித்தார். அதிலும் அதையே எழுதினாள். மூன்றாவதிலும் எழுதினாள்.

“எத்தனை வேணும்னாலும் எடுங்க, சார். எனக்குக் கை வலிக்கல.”

நான்காவது தாளை மேனேஜர் குளிரூட்டும் பிரிவின் பொறுப்பாளரிடம் நீட்டினார். எந்த வம்புக்கும் போகாமலே இருபது வருடம் தள்ளிய மனிதர் அவர். பேனாவைத் திறந்தவரின் கண், மேஜையில் கிடந்த மற்ற மூன்று தாள்களில் விழுந்து தொலைத்தது.

“இதைப் படிச்சுத் தொலைச்சிட்டேனே, சார். நாளைக்கு எரிஞ்சு போனா எனக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? நீங்களே போட்டுடுங்க.”

மேனேஜர் விறைப்பாகப் பேனாவைப் பிடுங்கினார். தாளுக்கு மேலே கொண்டுபோனார். பக்கத்தில் கிடந்த மூன்று தாள்களைப் பார்த்ததும் பேனா அங்கேயே நின்றது. மூடியைப் போட்டு வைத்துவிட்டார்.

“இவங்க முதல்ல வரைஞ்ச படத்தையே எடுங்க,” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். பிறகு அவள் பக்கம் திரும்பி, “ஆனா நீங்க திங்கக்கிழமை கேபிளுக்குப் போறது போறதுதான்.”

போனாள். முழங்கால் உறையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தரைப் பலகையைத் தூக்கி, பழைய பொந்துக்குள் இறங்கினாள். மேலே ரேக்குகள் முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகாக வந்து நின்றுகொண்டிருந்தன. வலியில் உயிர் போனது.

கூட வேலை செய்கிறவள் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு முகம் சிவந்தாள். “அக்கா, இந்த அநியாயத்தைப் பாருங்க. வரைஞ்சது யாருங்கற இடத்துல மேனேஜர் தன் பேரைப் போட்டுக்கிட்டாரு. கையெழுத்து வேற.”

டேப் அக்கா பொந்துக்குள்ளிருந்து தலையை நீட்டி அந்தக் கையெழுத்தை நிதானமாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“தன் படம்னு கையெழுத்து போட்டாச்சில்ல? இனிமே அவரே நெனச்சாலும் ஒரு ரேக்கைக்கூடத் திருப்ப முடியாது. கேபிளைக் குடு.”