காளியாத்தாளின் நூற்று நாற்பத்து நான்கு யானைகள்

பகல் பதினொன்றே முக்காலுக்குத் தபால்காரர் நாச்சிமுத்து கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அது 1979ஆம் வருடத்து ஐப்பசி மாதம். மூன்று நாளாக விடாமல் பெய்த மழை அன்றுதான் வெறித்திருந்தது. புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த ஓட்டு வீட்டுக்குள் காளியாத்தாள் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கார்டை வாங்கினாள்.

சேலத்துப் பெண்கள் விற்பனைச் சங்கத்தின் காரியதரிசி வேலுமணி எழுதியிருந்தார். அவள் தைத்து அனுப்பிய நூற்று நாற்பத்து நான்கு துணி யானைகளையும் மதராஸ் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றிலும் பூசணமும் பூச்சியும். லாரி ஆபீசில் மூட்டைகள் கிடக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளவும். கடைசியில் ஒரு வரி: நேரில் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

நாச்சிமுத்து போகாமல் நின்றார். ஊரில் யாருக்கு வந்த கார்டையும் படித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"வெசனப்படாத சாமி" என்றார்.

"வெசனப்பட்டா ஆவுமுங்களா?" என்றாள் காளியாத்தாள். எண்ணெய்க் குப்பியை மூடி வைத்துவிட்டு, சேலத்துக்குப் போகிற ஒரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

அவளுக்கு அப்போது முப்பது வயது. கணவன் அப்புசாமி லாரி டிரைவர். நான்கு வருடங்களுக்கு முன் தொப்பூர்க் கணவாயில் வண்டி உருண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். குழந்தை இல்லை. கூடப்பிறந்த அண்ணன், சின்னண்ணன் என்று பேர், வந்து அவளைத் தன் தோட்டத்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே சோற்றுக்கும் துணிக்கும் குறைவில்லை. விடிந்தால் மாட்டுக் கட்டுத்தரை கூட்டுவது, பால் கறப்பது, பத்துப் பேருக்குச் சோறாக்குவது, களை எடுக்கிறவர்களுக்குத் தூக்குப் போசியில் சோறு சுமப்பது. யாரும் அவளை ஒரு சொல் கடிந்தது கிடையாது. யாரும் அவளை ஒன்று கேட்டதும் கிடையாது. உறம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்தால் தான் படுக்கிற இடத்தைக் கொடுத்துவிட்டு, மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் பாயை விரித்துக்கொள்வாள். ஒரு நாள் அப்படிப் படுத்திருந்தபோது, சாகும்வரை இந்த வீட்டில் தனக்கென்று ஓர் அடுப்பு இருக்காது என்று அவளுக்குப் பட்டது. அதன் பிறகுதான் ஆட்டையாம்பட்டியில் அரசாங்கத் தையல் வகுப்பு நடக்கிறதென்று கேள்விப்பட்டு, அண்ணனிடம் போய் நின்றாள்.

வகுப்பு நடத்திய சின்னாயி நெசவுக்காரத் தெருக்காரி. அங்கே எல்லாவற்றுக்கும் கஞ்சிதான். பாவு நூலுக்குக் கஞ்சி, நெய்த துணிக்குக் கஞ்சி, தைக்கிற துணிக்கும் கஞ்சி. கஞ்சி போட்ட துணி கத்தரிக்குப் படிந்து கொடுக்கும், மடிப்பு நிற்கும், பார்க்கப் புதுசாக இருக்கும். ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்கு மாவுக்குப் பஞ்சமில்லாத சீமை அது. காளியாத்தாளும் அப்படியே பழகினாள். ஜாக்கெட்டும் பாவாடையும் தைக்க ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். மீந்த துண்டில் அவள் ஓர் எருமைக் கன்று தைத்துக் காட்டியபோது சின்னாயி அதைக் கையில் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்து, இது எங்கே கற்றது என்று கேட்டாள். எங்கும் கற்கவில்லை. கறந்த கைக்குக் கன்றின் உடம்பு தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கன்று, கோழி, செம்மறிக் குட்டி என்று தொடங்கி, சங்கத்தார் கேட்டதால் யானைக்கு வந்தாள். யானையைத் திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள். ஆறு மாதிரி அட்டைகளை வெட்டி வீணாக்கி ஏழாவதில் உருவத்தைப் பிடித்தாள். துணியைக் கெட்டிக் கஞ்சியில் முக்கி, நிழலில் உலர்த்தித் தைத்தால் நான்கு காலும் தூண் மாதிரி நிற்கும். அந்த யானையை நம்பித்தான் புதுச்சத்திரத்தில் இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். அண்ணன் ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. வருகிற தை மாதம் வரைக்கும் பார், தொழில் நிலைக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் தோட்டத்துக்கு வந்துவிட வேண்டும் என்றார். அவளும் சரி என்றாள். அண்ணனிடம் ஒத்துக்கொண்டதை அவள் மீறினதில்லை.

லாரி ஆபீசில் மூட்டையைப் பிரித்ததுமே புளித்த வாடை முகத்தில் அடித்தது. யானைகளின் முதுகில் கறுப்பும் பச்சையுமாகப் பூத்திருந்தது. காதுகளைக் கரப்பான் அரித்திருந்தது. ஒன்றை எடுத்துக் கத்தரியால் வயிற்றைக் கிழித்தாள். உள்ளே பஞ்சு வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. கெட்டது முழுவதும் துணிதான். யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. மழைக்காலத்தில் மூட்டைக்குள் அடைத்துவைத்த கஞ்சி வேறு என்ன ஆகும்? மூன்று மாதமாக அவள் கரப்பானுக்குச் சோறாக்கி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அங்கிருந்து சங்கத்துக்குப் போனாள். வேலுமணி நல்ல மனிதர், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். மார்கழி முடிவதற்குள் நூற்று நாற்பத்து நான்கும் வேண்டும், கஞ்சி ஒரு சொட்டு இருக்கக்கூடாது, ஆனால் யானை நிற்க வேண்டும், குழந்தை வாயில் வைத்தாலும் கெடுதல் வரக்கூடாது என்றார். முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடும்படியும், கோயம்புத்தூரில் வேறு ஆள் இருப்பதாகவும் சொன்னார். முடியும் என்றாள். எப்படி என்று அவர் கேட்கவில்லை. வழி இன்னும் அவளுக்கே தெரியாது.

மறுநாள் கஞ்சி போடாமல் ஒரு யானை தைத்தாள். அது நான்கு காலையும் பரப்பிக்கொண்டு வயிறு தரையில் பட உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் வாசற்படியில் நின்று பார்த்தாள். இவள் புருசன் செங்கோடன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் சீட் தைக்கிறவன். வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"ஏங் காளி, உன்ற ஆனைக்கு மாசம் நெறஞ்சிருச்சாட்ட இருக்குது?"

"நிக்கறதுக்கு ஒரு வழி சொல்லுங்கக்கா, கேலி பொறவு பேசலாம்."

கண்ணாத்தாள் பட்டறையிலிருந்து தேங்காய் நார் கொண்டுவரச் செய்தாள். லாரி சீட்டுக்கு அடைக்கிற நார். கால் நின்றது, ஆனால் துணியைத் துளைத்துக்கொண்டு முள்ளாகக் குத்தியது. கம்பி வைக்கலாம் என்றான் செங்கோடன். குழந்தை கடித்தால் என்ன ஆகும் என்று காளியாத்தாள் மறுத்துவிட்டாள். பாதத்தில் மணல் போட்டுப் பார்த்தாள். தையல் இடுக்கில் ஒழுகியது. இப்படிப் பதினோரு நாள் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் ஒரு யானையின் காலைப் பிரித்து, துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஒரு பக்கமாக இழுத்தால் இளகிக் கொடுத்தது. மறு பக்கமாக இழுத்தால் பிடிவாதமாக நின்றது. நெசவுக்காரத் தெருவில் தறியைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது சொல்லாமலே தெரிந்திருக்கும்; காளியாத்தாளுக்கு அன்றுதான் பிடிபட்டது. நீளத்துக்கு ஓடுகிற பாவு நூல் தறியில் விறைப்பாகக் கட்டப்பட்டது. குறுக்கே ஓடுகிற ஊடை நூல்தான் நெகிழும். துணி மிச்சமாகட்டும் என்று அவள் அட்டைகளை இடுக்கு இடுக்காக, வாய்த்த திக்கில் வைத்து வெட்டியிருந்தாள். நூறு யானைக்கும் கால்கள் நூறு திக்கில் இருந்தன. கஞ்சி அந்தத் தப்பை மூடிக்கொண்டிருந்தது.

காலைப் பாவு நூல் போக்கிலேயே நெட்டாக வெட்டினாள். பாதத்துக்குத் தனியாக வட்டம் வெட்டி, இரட்டைத் துணி வைத்தாள். அகப்பைக் காம்பால் பஞ்சைப் பாதத்திலிருந்து மேலே மேலே இடித்து நிரப்பினாள். கை வலித்தது. நான்காவது காலை முடித்துத் தரையில் வைத்தபோது யானை நின்றது. அவள் நம்பவில்லை. கொண்டுபோய்த் தொட்டித் தண்ணீரில் முக்கி, பிழிந்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து மறுபடியும் வைத்தாள். அப்போதும் நின்றது.

இனி நாள்தான் கேள்வி. புதுத்துணி அவ்வளவுக்கும் வாங்க வழியில்லை. திரும்பி வந்த யானைகள் எல்லாவற்றையும் பிரித்தாள். நெல் அவிக்கிற அண்டாவைக் கண்ணாத்தாளிடம் இரவல் வாங்கி, துணியைக் கஞ்சி போகக் கொதிக்கவைத்து அலசினாள். உடம்புக்கு அது ஆயிற்று. கால்களுக்குப் புதுசு வேண்டும். ஆட்டையாம்பட்டிக்குப் போய்ச் சின்னாயியிடம் விஷயத்தைச் சொன்னாள். சின்னாயி, கஞ்சியைச் சொல்லிக்கொடுத்தது தானல்லவா என்றாள். பிறகு தெருவில் நாலு தறிக்காரர் வீட்டுப் படியேறி, கைலி நெய்ததில் கடைசியாக மிஞ்சுகிற முழத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தாள். எல்லாம் கட்டம் போட்டவை. ஆகவே சாம்பல் நிற யானைகளுக்குக் கட்டம்போட்ட கால்கள் வாய்த்தன.

"நம்மூரு லாரி டிரைவருக மாதிரியே இருக்குது" என்றாள் கண்ணாத்தாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. முகம் சுருங்கிப் போனது.

காளியாத்தாள் கையிலிருந்த யானையைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். "ஆமாங்கக்கா. அவரு கைலிய மடிச்சுக் கட்டுனா இப்பிடித்தான் நிப்பாரு" என்றாள். அந்த வீட்டுக்கு வந்தபின் அவள் கணவனைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து கண்ணாத்தாள் மத்தியானம் தோறும் வந்து பஞ்சு இடித்தாள். கூலி பேசவும் இல்லை, கேலியை விடவும் இல்லை.

கார்த்திகை போய் மார்கழியும் தேய்ந்தது. காளியாத்தாள் ஒரு நாளைக்கு நான்கு யானை என்று தொடங்கி ஆறுக்கு வந்தாள். வலது கட்டைவிரலில் ஊசி ஏறிச் சீழ் பிடித்தபோது இடது கையால் பஞ்சு இடித்தாள். திங்கட்கிழமை சந்தைக்குப் போகவில்லை. ரசமும் சோறுமே அடுப்பில் ஏறின. அடுப்பு மட்டும் அணையவில்லை. ஒரு கல்யாணத்துக்கு அழைக்க வந்த அத்தை இப்படியா உடம்பைக் கெடுத்துக்கொள்வது என்று வைததற்கு, மார்கழி முடியட்டும் என்றாள்.

மார்கழி இருபத்தெட்டு. சின்னண்ணன் மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூட்டைகள் திரும்பி வந்த செய்தி நாச்சிமுத்து வழியாகத் தோட்டத்துக்கு எப்போதோ போய்விட்டது. தை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போதே வந்தது, பொங்கலுக்குள் தங்கையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்ற எண்ணத்தில். வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்திருந்தார். உள்ளே வந்தவருக்கு உட்கார இடமில்லை. பாய், பெஞ்சு, அடுப்படி வரை யானைகள் நின்றன. காளியாத்தாள் கடைசி யானைக்குக் காது வைத்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டிட்டுப் போலாமுன்னு வந்தன் அம்மிணி" என்றார்.

"வண்டி வந்ததே நல்லதாப் போச்சுங்கண்ணா. மூட்டைய ஏத்திக் குடுங்க, பஸ்ஸுல ஏத்துனா கண்டக்டரு சத்தம் போடுவான்."

"உன்ற பொட்டி எங்க?"

"பொட்டி இங்கயேதான் இருக்கும்."

சின்னண்ணன் கீழே குனிந்து ஒரு யானையை எடுத்தார். சந்தையில் மாடு பிடிக்கிறபோது காலைத் தட்டிப் பார்க்கிற மாதிரியே ஒவ்வொரு காலாக அழுத்திப் பார்த்தார். தரையில் வைத்தார், ஒரு விரலால் தள்ளினார். அது அசைந்து மறுபடி நின்றது.

"இது நிக்குமா? மழைக்கு?"

"தண்ணியில முக்கிப் பாத்தாச்சுங்கண்ணா."

அவர் அந்த யானையைத் தானே மூட்டைக்குள் வைத்தார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மூட்டைகளைத் தூக்க ஆரம்பித்தார். பத்து மைல் மாட்டு வண்டியில், அவளும் மூட்டைகளுமாகச் சேலத்துச் சாலையில் போனார்கள். வழியில் ஒரு தடவை, மூட்டைக்குப் பாரமே இல்லையே என்று மட்டும் சொன்னார். மல்லூரில் தெரிந்தவரின் லாரி நின்றது. அதில் ஏற்றிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு தனியாகப் போனார்.

வேலுமணிக்குக் கட்டம்போட்ட கால்கள் பிடிக்கவில்லை. அடுத்த முறை கால் உடம்பு நிறத்திலேயே இருக்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டார். ஆனால் நூற்று நாற்பத்து நான்கையும் மேஜையில் நிறுத்திப் பார்த்துவிட்டு அனுப்பினார். ஒன்றும் திரும்பி வரவில்லை. சித்திரையில் அடுத்த ஆர்டர் வந்தது.

பின் ஏழு வருடம் காளியாத்தாள் அந்த வீட்டில்தான் இருந்தாள். எண்பத்திரண்டில் வீட்டுக்காரர் கிரயத்துக்குக் கொடுத்தபோது அவள் பேருக்கே பத்திரம் எழுதினார்கள்; சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் சின்னண்ணன். அண்ணன் குடும்பத்தோடு பண்டிகை நோம்பிக்கு வந்தால் அவள்தான் பாய் எடுத்துப் போட்டாள், அவள் அடுப்பில்தான் சோறு வெந்தது. யாருக்கும் அவள் தன் இடத்தை விட்டுக்கொடுத்து மூட்டைக்கு நடுவில் படுக்கவில்லை.

எண்பத்தாறு மார்கழியில் நான்கு நாள் காய்ச்சலில் காளியாத்தாள் இறந்துபோனாள். பொங்கலுக்கென்று வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த ஆர்டர் முடியும்வரை மெஷினை நகர்த்த வேண்டாம் என்று அதன் பின்னால் இருந்த சுவரை மட்டும் விட்டு வைத்திருந்தாள். அந்தச் சுவருக்கு அவள் கடைசிவரை சுண்ணாம்பு அடிக்கவில்லை.