நீலத் தொட்டியில் யூரியா

யூரியாவைப் பற்றி எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறேன். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

எங்கள் பள்ளி தாம்பரத்துக்குக் கிழக்கே, காட்டு வேலியை ஒட்டி இருக்கிறது. பின்பக்கச் சுவர் இடிந்த இடத்தின் வழியாகப் புள்ளிமான்கள் உள்ளே வரும். போன கோடையில் அதில் ஒன்று தீனி தேடி மெயின் ரோட்டுக்குப் போய் லாரியில் அடிபட்டுச் செத்தது. காலையில் ஸ்கூட்டரில் போன நான்தான் முதலில் பார்த்தேன். வாயில் பாதி மென்ற பிளாஸ்டிக் கவர் இருந்தது. அன்றைக்கே தலைமையாசிரியையிடம் வாதாடி, மைதானத்துக்குப் பின்னால் நாலு சென்ட் இடம் வாங்கி, தட்டைப்பயறும், வேலிமசால் என்கிற தீவனச் செடியும் விதைத்தேன். உள்ளேயே மேய்ச்சல் கிடைத்தால் மான் ஏன் ரோட்டுக்குப் போகப்போகிறது?

விதை முளைத்தது. ஆனால் அது சரளை மண். பயிர் வெளிறிப்போய், சீக்குப் பிடித்தது மாதிரி நின்றது. உரம் வேண்டும், அதுவும் என் கைக்காசில். குரோம்பேட்டையில் மாடித்தோட்டக் கடையில் மண்புழு உரப் பாக்கெட்டை எடுத்து, விலையைப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தேன். மாடம்பாக்கத்தில் மாடு வளர்ப்பவர் ஒருவர் எருவைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். ஏற்றிவர வண்டிக்காரர் கேட்ட வாடகைதான் தலையைச் சுற்ற வைத்தது. கடைசியில் படப்பை போகும் சாலையில் ஒரு உரக்கடையைக் கண்டுபிடித்தேன்.

"என்ன பயிரு டீச்சர்?" என்றார் கடைக்காரர்.

சொன்னேன். மானுக்கு என்றதும் சிரித்துவிட்டார்.

"பயறு வகைக்கு யூரியா எதுக்கு? தழைச்சத்தை அதுவே வேர்ல சேத்து வச்சுக்கும். சூப்பர் பாஸ்பேட் போடுங்க. கூட கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. போதும்."

"பயிர் வெளிறிக் கெடக்கு, எனக்கு சீக்கிரம் பச்சையாகணும். யூரியாதானே விலை கம்மி? அதையே குடுங்க."

ஆதார் கேட்டார். மெஷினில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். மூட்டையை ஸ்கூட்டரில் ஏற்றும்போது, "ஆடு மாடு வாய் வைக்காம பாத்துக்கோங்க டீச்சர். யூரியாத் தண்ணிய குடிச்சா வயிறு உப்பிப் போயிடும். டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றார். எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. சரி சரி என்று கிளம்பிவிட்டேன்.

அதே கோடை, மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வாட்ச்மேன் அண்ணனுக்கு அன்று லீவு. மான்களுக்குத் தண்ணீர் வைக்கும் வேலை என்னுடையது. யூரியா கரைக்க வாளி வேண்டும், வாளிகள் இருந்த அறையின் சாவியும் அவரிடமே இருந்தது. கண்ணெதிரே இருந்தது மான்கள் தண்ணீர் குடிக்கும் நீலத் தொட்டி, ஒரு டிரம்மைப் பாதியாக வெட்டிச் செய்தது. கரைத்து, தெளித்து, கழுவி, பிறகு நல்ல தண்ணீர் நிரப்பிவிடலாம் என்று நினைத்தேன். யூரியாவைக் கொட்டினேன். மலிவுதானே என்று இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டேன். கரைக்கக் கரைக்கத் தண்ணீர் ஜில்லென்று ஆனது. வகுப்பில் வருஷம் தவறாமல் செய்து காட்டுவதுதான். அந்த வெயிலுக்கு இதமாக இருந்ததால் கையைச் சற்று நேரம் உள்ளேயே வைத்திருந்தேன்.

கால்வாசிப் பயிருக்குத் தெளித்திருப்பேன். என் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"தண்ணி லாரி வந்துடுச்சு! சம்ப் சாவி உன் பையிலதான் இருக்கு. லாரிக்காரன் போயிடுவேன்னு கத்துறான், சீக்கிரம் வா!"

ஒரு வாரமாக எதிர்பார்த்த லாரி. போட்டது போட்டபடி ஓடினேன்.

மறுநாள் காலை சர்ச் ஆராதனையில் ஃபேன் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த அக்கா, ஐஸ் வைத்த தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தார். அந்தக் குளிர்ச்சி விரலில் பட்டதும் நேற்று யூரியா கரைத்த தண்ணீர் நினைவுக்கு வந்தது. தொட்டி! ஐயோ, தொட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேனே!

பாட்டிலை அவர் மடியில் போட்டுவிட்டு எழுந்து ஓடினேன். ஸ்கூட்டரை நேராகப் பள்ளிக்கு விட்டேன். வழி நெடுக ஒரே நினைப்பு. நேற்று சாயங்காலம் மான்கள் தாகத்தோடு வந்திருக்கும். எப்போதும் குடிக்கும் தொட்டி, சந்தேகமே பட்டிருக்காது. அதுவும் காது கிழிந்த அந்தச் சினைமான்தான் எப்போதும் முதலில் வரும்.

போய்ப் பார்த்தால் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. சுற்றிலும் குளம்புத் தடங்கள். குடித்துவிட்டுக் கவிழ்த்ததா, குடிப்பதற்கு முன்பே கவிழ்த்ததா? தடத்தைப் பார்த்து என்ன தெரியும்!

"இன்னா டீச்சர், ஞாயித்துக்கெழம பட்டுப்புடவையோட?" வாட்ச்மேன் அண்ணன் பின்னால் வந்து நின்றார்.

"சும்மாதான்..." என்றேன். அதற்குமேல் பொய் வரவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. ஒரு கம்பை எடுத்து, "வாங்க, பாத்துகினு வர்லாம்" என்றார்.

புதர் புதராக, வயிறு உப்பிய உடல் கிடக்கிறதா என்று தேடினோம். காய்ந்த சருகுக் குவியல் ஒவ்வொன்றும் படுத்துக் கிடக்கும் மானாகத் தெரிந்தது. சாயங்காலம் மான் கூட்டம் வந்தது. காது கிழிந்தவள் வரவில்லை. திங்களும் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. வீட்டு கேட் சத்தம் கேட்டாலே ஃபாரஸ்ட்காரர்கள்தான் என்று ஜன்னலுக்கு ஓடினேன். யூரியா வாங்கியது யார் என்று தேடினால் என் கைரேகைதானே வந்து நிற்கும்! வேலை போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றியது. ரோட்டில் சாகக் கூடாது என்று வரவழைத்து நானே விஷம் வைத்துவிட்டேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை வாட்ச்மேன் அண்ணன் மைதானத்திலிருந்தே கையைத் தட்டிக் கூப்பிட்டார். தொட்டி இருந்த இடத்திலிருந்து சரிவில் பத்தடிக்கு, பாய் விரித்த அகலத்துக்கு, புல் கருகிக் கிடந்தது.

"பாத்தீங்களா? மொத்தமும் இங்கதான் ஊத்திகினு கீது. ஒரு வாய்கூட குடிச்சிருக்காது. ஓவரா போட்டீங்க பாருங்க, அதான் காட்டிக் குடுத்துடுச்சு."

நான் குனிந்து கருகிய புல்லைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆனாலும் ஒரு வாய்கூட இல்லை என்பதற்கு யார் சாட்சி? காது கிழிந்தவள் எங்கே?

வெள்ளிக்கிழமை மாலை வந்தாள். வயிறு ஒட்டியிருந்தது, மடி கனத்திருந்தது. குட்டியைப் புதரில் எங்கோ மறைத்துவிட்டு வந்திருக்கிறாள். நேராகத் தொட்டியை நோக்கி நடந்தாள். அந்தத் தொட்டியை சோப்பு போட்டு ஆறேழு முறை தேய்த்திருந்தேன். வேறு தண்ணீர் மாற்றி மாற்றி ஊற்றியிருந்தேன். இருந்தும் அவள் கழுத்தைத் தாழ்த்தப் போனபோது என்னால் நிற்க முடியவில்லை. ஓடிப்போய் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன்.

"டீச்சர், இன்னா பண்றீங்க!" என்று கத்தினார் வாட்ச்மேன் அண்ணன்.

வெறும் தண்ணீர்தான். அவள் பத்தடி துள்ளி விலகி நின்று, நான் குடித்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்வாங்கியதும் வந்து குடித்தாள்.

இப்போது பயிருக்கு வேப்பம்புண்ணாக்கும் சூப்பர் பாஸ்பேட்டும்தான், கடைக்காரர் சொன்ன அளவில். மீதி யூரியாவை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். தொட்டியை நிரப்பும் வேலையை மட்டும் யாருக்கும் விடுவதில்லை. நிரப்பிய பிறகு, சுற்றிலும் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, முதல் கையை நான்தான் குடிக்கிறேன்.