ஷோபனாவின் முதல் பக்கம்

லேப்டாப்பைத் திறந்ததும் வரும் முதல் பக்கம் ஷோபனாவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்காது. கள்ளிக்குப்பத்தில் அவள் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் போன இரண்டு மாதத்தில் ஐந்து பக்கங்கள் மாறின. ஒன்றில் கடிகாரமும் மழை வருமா என்ற சேதியும். இன்னொன்றில் கட்டம் கட்டமாக மருந்து, ஆபீஸ் வேலை, கேஸ் புக் செய்யும் நாள். நன்றாக இருக்கிறது என்பாள். மறுநாள் நிறத்தை மாற்றுவாள், அப்புறம் வேறு ஆப் இறக்குவாள்.

அவள் பிறந்தது அப்பா வேலை பார்த்த ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸில். வயது நாற்பத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று நான் கேட்கவில்லை. அப்பா பரந்தாமன் அங்கே பீஸ்களைச் சரிபார்த்து சீல் போடும் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைத் திருப்ப வேண்டும், ஒருமுறை ஜன்னல் பக்கம், அடுத்தது சுவர்ப் பக்கம். தவறினால் படுக்கைப்புண்.

என் வேலை காலை எட்டிலிருந்து இரண்டு வரை. வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஷோபனாவை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கும் அவள் ஆபீஸ் திங்கட்கிழமையிலிருந்து நேரில் வரச் சொல்லிவிட்டது. மத்தியானம் அம்மா கமலம் மட்டும். அப்பாவுக்குத் தோல் உரிந்தால் வேலையை விட்டுவிடுவேன் என்று ஷோபனா சொல்லியிருந்தாள். விட்டால் இன்னொன்று கிடைக்காது என்றும் அவளே சொன்னாள்.

அடியில் போட்ட துணியை இழுத்துத் திருப்பக் கமலத்துக்கு நான் கற்றுக்கொடுத்தேன். ஷோபனா ஆறாவது ஆப்பைப் போட்டாள். நேரமானால் கமலத்தின் போன் அடிக்கும். திருப்பிவிட்டு அமுக்கினால் ஆபீஸில் ஷோபனாவின் பக்கத்தில் அந்தக் கட்டம் பச்சையாகும்.

மூன்று நாளும் எல்லாம் பச்சை. வியாழக்கிழமை காலை உடம்பு துடைக்கும்போது இடது இடுப்பில் ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பைப் பார்த்தேன். விரலால் அழுத்தி எடுத்தேன். வெளுக்கவில்லை, புண் தொடங்குகிற அடையாளம். தோளில் பையுடன் கிளம்பிக்கொண்டிருந்த ஷோபனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எல்லாம் பச்சையாத்தானேம்மா இருந்துச்சு?" என்று கமலத்தைக் கேட்டாள்.

"அது கத்திக்கிட்டே இருக்குடி. அமுக்கினாத்தான் நிக்குது. அமுக்கிட்டு, செத்த நேரம் கழிச்சுத் திருப்பலாம்னு..."

பரந்தாமன் குழறிக்கொண்டே, "பீஸப் பாக்காம... சீல் போட்டுட்டா," என்றார்.

"உங்க ஃபேக்டரில நடக்காததா?" என்றாள் கமலம். அவர் பாதி முகத்தால் சிரித்தார்.

ஷோபனா சிரிக்கவில்லை. பையை இறக்கிவிட்டு லேப்டாப்பை எடுத்தாள். ராஜினாமாவோ ஏழாவது ஆப்போ, இரண்டில் ஒன்று என்று எனக்குத் தெரிந்தது.

"தோலு இன்னும் உரியல," என்றேன். "அந்தப் பக்கம் வெயிட்டு படாம பாத்துகினா போயிடும். திருப்புனதும் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லு. மூஞ்சி எந்தப் பக்கம் கீதுன்னு நீயே பாத்துக்கோ."

தினமும் காலையில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பூப்படம் அனுப்புகிறவள் கமலம். போட்டோ அவளுக்குப் பெரிய வேலை இல்லை. ஷோபனா கட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசியாக வந்த போட்டோ மட்டும் முதல் பக்கத்தில் நிற்கும்படி செய்துவிட்டு, அரை மணி தாமதமாக ஆபீஸ் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சிவப்பு மங்கிவிட்டது. வேலையை அவள் விடவில்லை. ஆனால் நாலு மணிப் படம் ஐந்து நிமிடம் தள்ளிப்போனால் அவள் எனக்குப் போன் அடிக்கிறாள், நான் வேலை முடித்துக் கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தாலும். நேற்று பார்த்தேன், முதல் பக்கத்தில் அப்பாவின் முதுகு தெரியும் போட்டோவைச் சுற்றி நீலக் கரை போட்டிருந்தாள்.