பீர்க்கன்கரணையிலிருந்து குன்றத்தூருக்கு, தோளில் ஒரு மூட்டை அரிசியோடு

மலர், நிலா, உங்கள் இரண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். போன புதன்கிழமை அப்பா வேலைக்குப் போகாமல் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு குன்றத்தூர் போனது ஏன் என்று மலர் மூன்று தடவை கேட்டுவிட்டாய். சாப்பிடும்போது நாலு வார்த்தையில் சொல்லிவிடுகிற விஷயம் இல்லை அது. மலர், நீ இப்போதே படித்துக்கொள். நிலா, நீ எழுத்துக்கூட்டப் பழகியதும் படி. அப்பா பத்தாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

நிலா கால் பயிற்சிக்குப் போகிற மையம் நம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அதை ஒருவர் நடத்தவில்லை, மூன்று பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். கட்டடம் ஓர் அரசு அலுவலகத்துடையது. பயிற்சி தரும் அக்காவை அனுப்புவது ஓர் அறக்கட்டளை. கருவிகளும் வண்டியும் ஒரு கம்பெனி தருவது. வருஷத்துக்கு ஒருமுறை மூன்று பேரும் உட்கார்ந்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று பார்ப்பார்கள். இந்தத் தடவை, பீர்க்கன்கரணை மையத்தை மூடி குன்றத்தூரில் இருக்கிற பெரிய மையத்தோடு சேர்த்துவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். பெற்றோர் சார்பில் ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். யாரும் கை தூக்கவில்லை, நான் தூக்கினேன்.

திட்டத் தாளில் 'பயண நேரம் இருபத்தைந்து நிமிடம்' என்று போட்டிருந்தது. யார் போய்ப் பார்த்தது என்று கேட்டேன். போன் மேப்பில் பார்த்ததாம், அதுவும் காருக்கு. நிலாவைத் தூக்கிக்கொண்டு நாங்கள் காரிலா போவோம்? என்னோடு பஸ்ஸில் வந்து பாருங்கள் என்றேன். சிரித்தார்கள். மூன்று பேருக்கும் பொதுவாக அறிக்கை எழுதுகிற சுமதி மேடம் மட்டும் சிரிக்காமல், எந்தக் கிழமை என்று கேட்டார்.

புதன், காலை 8.10. மேடம் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். நான் மூட்டையைத் தோளில் போட்டேன். பதினான்கு கிலோ. போன மாதம் மையத்தில் நிலாவை நிறுத்துப் பார்த்த எடை. குழந்தையையே கூட்டி வந்திருக்கலாமே என்றார் மேடம். "பரிதாபம் வாங்க வரல மேடம். கணக்குக் காட்டத்தான் வர்றேன்" என்றேன். அவர் கைப்பையில் இருந்த சின்ன நோட்டில் மணியை மட்டும் எழுதிக்கொண்டார்.

8.26. ஏரிக்கரைப் பக்கமாக நடந்து ஜி.எஸ்.டி. ரோடு. ஒரு கிலோமீட்டர் இருக்கும். இரண்டு இடத்தில் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள், சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. முதலில் வந்த இரண்டு பஸ்ஸும் நிற்கவில்லை. மூன்றாவதில் ஏறினோம். தாம்பரத்துக்கு எனக்கு ஐந்து ரூபாய், மேடத்துக்கு இலவசம்.

9.02. தாம்பரம் மேற்கு. குன்றத்தூர் பஸ்ஸுக்கு முப்பத்தாறு நிமிடம் நின்றோம். அந்த நேரத்தில் உட்கார ஓர் இடம் கிடையாது. மூட்டையைக் கீழே வைத்தால் மிதிக்கிறார்கள், தோளில் வைத்தால் முறைக்கிறார்கள். பத்து நிமிடம் கழித்து மேடம் கையை நீட்டி, கொஞ்ச நேரம் நான் வைத்திருக்கிறேன் என்றார். இடுப்பில்தான் வைத்துக்கொண்டார், குழந்தையை வைக்கிற மாதிரி. நாலு நிமிடம் தாங்கினார். அதையும் நோட்டில் எழுதினார்.

9.38. பஸ் வந்தது, கதவு வரைக்கும் கூட்டம். பம்மல், அனகாபுத்தூர் வழியாகப் போகிற பஸ். தாம்பரத்திலிருந்து பதினைந்து பதினாறு கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய். கண்டக்டர் மூட்டையைப் பார்த்ததுமே லக்கேஜ் டிக்கெட் எடு என்றார்.

"அது மூட்டை இல்ல அண்ணா, என் பொண்ணு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா நைனா, காலங்காத்தாலயேவா?"

நான் குடிக்கவில்லை என்று மேடம்தான் சாட்சி சொன்னார். நிலாவின் கால், மையம், திட்டம் எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னார். முன் சீட்டில் பூக்கூடையோடு ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "இன்னாத்துக்கு டிக்கெட்டு கேக்குறே? பாப்பாக்கு அஞ்சு வயசு ஆவலயாம்" என்று கண்டக்டரைப் பார்த்துச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்த அக்கா பம்மலில் இறங்கும்போது மேடத்திடம் சொன்னதுதான் எனக்கு மனதில் நிற்கிறது. "மூட்டைன்றதால கம்முனு கீது மேடம். புள்ளையா இருந்தா இந்நேரம் அழுது தீர்த்திருக்கும். அதயும் எழுதிக்கோ." மேடம் எழுதிக்கொண்டார்.

10.45. குன்றத்தூர். மலைமேல் முருகன் கோயில் தெரிந்தது. கும்பிட்டேன். இறங்கிய இடத்திலிருந்து மையம் இன்னும் தள்ளி. ஆட்டோக்காரர் அறுபது ரூபாய் கேட்டார், நடந்தோம். உள்ளே நுழையும்போது மணி 10.58. நிலாவுக்கு அவர்கள் தாளில் போட்டிருந்த நேரம் பத்து மணி. வரும்போது கொட்டாவி விட்டுக்கொண்டு வருகிற குழந்தையிடம் அதற்கப்புறம் என்ன பயிற்சி வாங்க முடியும்? இதே வழியாகத் திரும்பவும் போக வேண்டும். அதுவும் வாரம் இரண்டு நாள்.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த மையம் நன்றாக இருக்கிறது. பெரிய கூடம், கண்ணாடிச் சுவர், பிடித்து நடக்க இரண்டு பக்கமும் கம்பி, பெரிய பெரிய பந்துகள். நம்முடையதில் ஒரு பாயும் ஒரு பெஞ்சும்தான். குன்றத்தூர்ப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் நிலா சுவரைப் பிடித்துக்கொண்டு இருபது எண்ணுகிற வரைக்கும் நிற்கிறாள் என்றால், அது அந்தப் பாயில் வந்தது. அந்த இருபதுக்கு ஒன்றரை வருஷம் ஆனது. நடுவில் விட்டால் தசை மறுபடி இறுகிவிடும் என்று பயிற்சி அக்கா சொல்லியிருக்கிறார்.

11.20. அன்றைக்கு அங்கேயே வைத்திருந்த கூட்டத்துக்கு மூன்று பேரின் ஆட்களும் வந்து உட்கார்ந்தார்கள். மேடம் நோட்டைப் படித்தார், மூட்டையையும் மேசைமேல் வைத்தார். அலுவலகத்து சார், அதற்குத்தான் வண்டி இருக்கிறதே என்றார். எந்த வண்டி என்று கேட்டேன். கம்பெனி வண்டி என்று அறக்கட்டளைக்காரர் சொன்னார். கம்பெனியிலிருந்து வந்த தம்பி, அது பயிற்சியாளர்களைக் கூட்டிப்போக மட்டும் கொடுத்தது என்றார். பிள்ளைகளுக்கு வண்டி ஏற்பாடு அறக்கட்டளை செய்யும் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்களாம். ஒப்பந்தத்தில் அலுவலகத்துக்கு உரிய பக்கத்தில் பார்த்தால், அழைத்து வருவது பெற்றோர் பொறுப்பு என்று இருந்தது.

விஷயம் இதுதான் மலர். ஒப்பந்தம் மூன்று பக்கம். அவரவர் தன் பக்கத்தைப் படித்துத் தன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மற்ற இரண்டு பக்கத்தையும் ஒருவரும் புரட்டவில்லை. மேடம் மூன்றையும் வரிசையாக வைத்தபோதுதான் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

அப்புறமும் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்கள். 'பெற்றோருடன் கலந்து பேசப்பட்டது, சம்மதம்' என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. இது சும்மா ஃபார்மாலிட்டிதான், வண்டி விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அலுவலகத்து சார்.  பேனாவை மூடி வைத்தேன்.

"போட மாட்டேன் சார்."

"நீங்க போடலன்னா ஃபைல் நின்னுடும்."

"நிக்கட்டும் சார்."

அலுவலகத்து சார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பத்தாவது என்றேன், படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடவில்லை என்றும் சொன்னேன். கம்பெனித் தம்பி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார். மேடம் தன் அறிக்கையில் 'பெற்றோர் சம்மதிக்கவில்லை' என்று எழுதி, எனக்குத் திருப்பிக் காட்டினார். அதற்குக் கீழே போட்டேன் கையெழுத்தை.

முடிவு என்ன என்று கேட்பாய். மூன்று மாதத்துக்குப் பீர்க்கன்கரணை மையம் அப்படியே நடக்கும். அதற்குள் மூன்று பேரும் மூன்று பக்கத்தையும் சேர்த்துப் படித்து, புதிதாக எழுத வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். மூன்று மாதம் கழித்து வேறொரு தாள் வரலாம். வரட்டும், அதையும் படிப்பேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அனகாபுத்தூர் தாண்டும்போது யோசித்தேன். அவ்வளவு பெரிய கூடம் நமக்கு எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் நம் மையத்துக்கு நிலா அழாமல் போகிறாள், தூங்காமல் திரும்புகிறாள். அதை எந்தத் தாளிலும் ஒருவரும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் இரண்டு பேரும் அம்மாவோடு மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, நான் வேலை செய்கிற பட்டறையில் மிச்சமிருந்த ஒரு இன்ச் பைப்பையும் வெல்டிங் மெஷினையும் எடுத்துக்கொண்டு தனியாக மையத்துக்குப் போனேன். வாசலில் இரண்டு படிதான், பிடிக்க ஒன்றும் கிடையாது. யாரிடமும் கேட்கவில்லை. நிலாவின் தோள் உயரத்துக்கு அளந்து வெட்டி, கைப்பிடியாக ஒட்டவைத்து, இரண்டு பக்கமும் சீக்கிரம் இறுகுகிற சிமெண்டில் பதித்தேன். வெல்டிங் வைத்த இடத்தில் கை கிழிக்காமல் இருக்க நன்றாகத் தேய்த்தேன். சிமெண்ட் காய்கிற வரைக்கும் படியில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து, முழு பலத்தையும் போட்டு ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.