வைப்பர் ஓடினால் திரும்புகிறேன் என்று அர்த்தம்

எங்கள் வீட்டுக்குள் ஒரு பொருள் நுழைய வேண்டுமென்றால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அழுக்குத் தெரியுமா? ஸ்பேர் கிடைக்குமா? என் கணவர் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறார். எந்த ஊரிலும் கிடைக்கிற மருந்துதான் நல்ல மருந்து என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையை மிக்ஸி, மின்விசிறி, திரைச்சீலை என்று எல்லாவற்றுக்கும் நீட்டிவிட்டார். எங்கள் சோபா சாணி நிறத்தில் வந்து சேர்ந்தது அப்படித்தான். காபியைக் கவிழ்த்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. தினமும் பார்க்கிற எனக்குத்தான் ஏதாவது ஆகும்.

நான் சேரன்மகாதேவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருபது வருடமாகப் பஸ்ஸில்தான் போக்குவரத்து. காலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் பத்தமடையில் கூட்டம் இறங்கும்போதுதான் மூச்சு விடலாம். மற்றபடி எங்கே போவதென்றாலும் கணவரின் பைக். கல்யாணமான நாளிலிருந்து அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் இந்த ஊரைப் பார்த்திருக்கிறேன். அவர் சட்டைக் காலரில் எந்த வருடம் எந்தத் தையல் விட்டது என்று என்னைக் கேட்டால் சொல்லுவேன். பேச வேண்டுமென்றால் காற்றில் கத்த வேண்டும். அவர் "என்னது?" என்பார். இன்னொரு தடவை கத்துவதற்குள் வீடு வந்துவிடும்.

அதனால் எனக்கு ஓர் ஆசை. நான் கார் ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். கத்தாமல் பேசிக்கொண்டு போக வேண்டும். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் இஷ்டமில்லை. ஆகவே ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து நான் லைசென்ஸ் வாங்கினேன். பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று அவரும் தலையாட்டினார்.

வண்ணார்பேட்டை தாண்டி பைபாஸ் ஓரமாகப் பழைய கார் விற்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அங்கே நாங்கள் இரண்டு பேரும், கூட என் கணவருடைய அக்கா வீட்டுக்காரரும் போனோம். என் கணவருக்கு அத்தான், எனக்கு அண்ணன் முறை. அண்ணனிடம் ஏற்கனவே ஒரு வெள்ளை ஜப்பான் கார் உண்டு. அதைப் பற்றி அவர் சொல்ல ஆரம்பித்தால், கேட்கிறவர்களுக்குத் தங்கள் பிள்ளைகள் மேல் வருத்தம் வந்துவிடும். அவ்வளவு ஒழுங்கு.

அண்ணாச்சி கடையிலும் வெள்ளை நிறத்தில் ஒரு ஜப்பான் கார் நின்றது. ஒரு டாக்டர் வைத்திருந்ததாம். மைலேஜ் நன்றாகத் தரும், எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவான், நாளைக்கு விற்றாலும் அடித்துப் பிடித்து வாங்குவார்கள். குறை என்று ஒன்றும் சொல்ல முடியாது. நான் கதவைத் திறந்து மூடினேன். டின் மூடி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது ஒன்றும் பாவமில்லை.

அதற்கு அடுத்து நின்றது குட்டையாக, அடர் சிவப்பில், ஒரு ஜெர்மன் கார். பின்பக்கம் உருண்டையாக இருந்தது. சும்மாதான் அந்தக் கதவையும் திறந்து மூடினேன். 'தப்' என்று ஒரு சத்தம். கனமான பெட்டியைப் பட்டுத்துணி மேல் வைத்த மாதிரி. மறுபடி திறந்து மூடினேன்.

"தங்கச்சி, அந்தப் பக்கம் போகாதீங்க" என்றார் அண்ணன். "அது யானை. வாங்கிரலாம், தீனி போட முடியாது. ஒரு ஸ்குரூ போச்சுன்னா மெட்ராஸ்ல சொல்லி வச்சுக் காத்துக் கெடக்கணும்."

கணவர் என்னைப் பார்த்தார். "கணக்கு டீச்சர்தானே நீ? கூட்டிக் கழிச்சுப் பாரு."

"கூட்டிக் கழிச்சுத்தான் இந்தச் சோபாவுல உக்காந்திருக்கேன்" என்றேன். கடையில் சோபா எதுவும் இல்லை. அவருக்கு மட்டும் புரிந்தது.

"அப்பம் என்ன சொல்லுத?"

"எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

அவருக்குக் கோபம் வருவதே அபூர்வம். வந்தால் குரல் இறங்கும். பைய, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "வாங்கு. ஓட்டப் போறது நீதான. ஆனா இந்த வண்டியில நான் ஏறுனேன்னா எம் பேர மாத்திக்கிடுதேன்."

நானும் லேசுப்பட்டவளா? வாங்கிவிட்டேன். எந்த ஆசைக்காகக் கார் வாங்கினேனோ, அதை வாங்கிய இடத்திலேயே தொலைத்துவிட்டு வந்தேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இடது பக்க இருக்கையில் என் சாப்பாட்டுக் கூடை உட்கார்ந்தது.

சொன்ன சொல்லில் மனுஷன் நின்றார். காலையில் கேட்டைத் திறந்துவிடுவார். பின்னால் யாரும் வருகிறார்களா என்று தெருவில் நின்று பார்ப்பார். சன்னல் வழியாகக் குனிந்து எரிபொருள் முள்ளைக்கூட எட்டிப் பார்ப்பார். ஏற மட்டும் மாட்டார். மழை பெய்த ஒரு நாள் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "நனையாம வாங்களேன்" என்றேன். "மழைதான, நான் என்ன மருந்தா கெட்டுப் போக" என்று சொல்லி நனைந்துகொண்டே பைக்கில் வந்தார். மூன்று நாள் தும்மினார். நான் கஷாயம் வைத்துக் கொடுத்தேன், கொஞ்சம் காரம் தூக்கலாக.

வண்டியும் என் மானத்தைக் காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. நான் பழகியது ஓட்டுநர் பள்ளியின் ஜப்பான் காரில். அதில் ஸ்டியரிங்குக்கு வலது பக்கக் குச்சி இண்டிகேட்டர், இடது பக்கக் குச்சி வைப்பர். ஜெர்மன்காரனுக்கு எல்லாம் தலைகீழ். வளைவு வந்தால் என் வலது கை தானாகப் போய்க் குச்சியைத் தட்டும். சுள்ளென்று வெயிலடிக்கும்போது வைப்பர் இரண்டும் வரட்டு வரட்டென்று கண்ணாடியைத் தேய்க்கும். சேரன்மகாதேவி முக்கில் டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் முதல் வாரம் சிரித்தார்கள். "டீச்சருக்கு மட்டும் தனியா மழை பெய்யுதுவே" என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. இரண்டாவது வாரத்தில் பழகிவிட்டார்கள். வைப்பர் ஆடினால் எதிரே வருகிற ஆட்டோ நின்று வழிவிடும். இடதா வலதா என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. சில நாள் எனக்கும்.

பங்குனி பிறந்தது. எங்கள் பக்கத்தில் பங்குனி உத்திரம் என்றால் அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போயாக வேண்டும். பம்பாயில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் வந்துவிடுவார்கள். என் கணவர் வீட்டுச் சாஸ்தா களக்காட்டுக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், ஒரு குளத்தங்கரையில் இருக்கிறார். வண்டி வாங்கியபோது தெருப் பிள்ளையாருக்கு ஒரு சூடம் காட்டினதோடு சரி. முறையான பூசை சாஸ்தா முன்னால்தான் என்று வைத்திருந்தோம்.

உத்திரத்துக்கு முந்தின வாரம் இடது பக்கக் கதவுக் கண்ணாடி 'சொத்'தென்று கதவுக்குள் இறங்கிவிட்டது. பட்டனை அமுக்கினால் உள்ளே முனகல் மட்டும் கேட்டது. மெக்கானிக் கையால் மேலே இழுத்து, அட்டையை மடித்துச் செருகி முட்டுக் கொடுத்தார்.

"ஸ்பேர்?" என்றார் கணவர். ஒரே ஒரு வார்த்தைதான்.

"சொல்லியிருக்கு" என்றேன். நானும் ஒரு வார்த்தைதான். அவர் மீசைக்குள் சிரித்ததைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

உத்திரத்தன்று காலை அண்ணன் குடும்பத்தோடு வெள்ளைக் காரில் வந்து நின்றார். கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் ஏறினார். பொங்கல் பானையும் விறகும் தேங்காய்ச் சாக்கும் என் வண்டியில் ஏறின. ஒரே வீட்டிலிருந்து ஒரே கோயிலுக்குப் புருஷன் ஒரு வண்டியிலும் பெண்டாட்டி ஒரு வண்டியிலுமாகப் போனோம். சேரன்மகாதேவி வரை வாய்க்காலும் வயலும் பச்சென்று கிடந்தன. சொல்லிக் காட்டப் பக்கத்தில் ஆள் இல்லை. பானையிடம் என்னத்தைச் சொல்ல? அழுகையே வந்துவிட்டது. ரோட்டில் கவனம் வேண்டுமே என்று அடக்கிக்கொண்டேன்.

கோயிலில் பொங்கல் பொங்கி, பூசை முடிந்து, பூசாரி என் வண்டிக்கு வந்தார். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தார். சூடத்தைச் சுற்றிக் காட்டி, "சாமிய நெனைச்சுக்கிட்டு எடும்மா" என்றார். பழங்கள் நசுங்க வண்டி முன்னால் போக வேண்டும், அதுதான் முறை. சொந்தபந்தம் முழுக்க சுற்றி நின்றது. கணவர் தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றார்.

பதற்றம் வந்தால் நான் எதையும் அழுத்தித்தான் பிடிப்பேன். கரும்பலகையில் சாக்பீஸ் உடையும். அப்படியே கியரை அழுத்தி, முதல் கியர் என்று நினைத்துத் தள்ளி, கிளச்சை விட்டேன்.

வண்டி பின்னால் போனது.

பிரேக்கை மிதிப்பதற்குள் பின்னால் இருந்த தண்ணீர் வாளி ஒன்று நசுங்கிவிட்டது. நல்லவேளை, அங்கே ஆள் யாரும் இல்லை. முன்னால் நான்கு எலுமிச்சம்பழமும் ஒரு கீறல் இல்லாமல் மண்ணில் உட்கார்ந்திருந்தன. ஒரு பிள்ளை சிரிக்கப் போனதை அதன் தாய் அதட்டி அடக்கினாள்.

மதினிதான் முதலில் வாயைத் திறந்தார். என் கணவரின் அக்கா. கெட்டவர் இல்லை, மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது, அவ்வளவுதான். "பழத்த ஏத்துக்கிடலியே. சாமிக்கே இந்த வண்டி இஷ்டமில்ல போலுக்கே" என்றார்.

"வித்துருங்க தங்கச்சி" என்றார் அண்ணன். "சாமி காரியத்துல விளையாடக் கூடாது."

ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். வண்டி போனால் போகிறது. இதற்குப் பிறகு அவர் எந்தக் காலத்திலும் பக்கத்தில் வந்து உட்காரப் போவதில்லையே.

அப்போது அவர் குரல் கேட்டது. இறங்கின குரல். "சாமி என்ன செய்யும் அத்தான்? அது ரிவர்ஸ் கியர்."

இடது கதவு திறந்தது. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, சாப்பாட்டுக் கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். கதவை மூடினார். 'தப்.' பிறகு கதவைத் திறந்து இன்னொரு தடவை மூடினார்.

"ம்" என்றார்.

வெளியிலிருந்து மதினி, "ஏலே, நீ எதுக்குல ஏறுத? அபசகுனம் ஆனப்பொறவு" என்றார்.

"வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும்க்கா" என்று அவருக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "கியர அமுக்காத. அமுக்கித் தள்ளுனா ரிவர்ஸ். கைய மேலாப்புல வச்சுத் தள்ளுனா ஒண்ணு. அதுலயே படம் போட்டிருக்கே, பாக்கலையா?"

போட்டுத்தான் இருந்தது, கியர்த் தலையில், மருந்து அட்டையில் இருக்குமே அந்த அளவு எழுத்தில். ஏறவே மாட்டேன் என்றவர் இதை எப்போது படித்தார் என்று நான் கேட்கவில்லை. காலைதோறும் சன்னலில் குனிந்தது எரிபொருள் முள்ளைப் பார்க்க மட்டும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். மூக்கை உறிஞ்சினேன்.

"அழுதுக்கிட்டு எடுக்காத. கண்ணு தெரியாது."

வண்டியைப் பைய எடுத்தேன். நான்கு பழமும் ஒவ்வொன்றாக நசுங்கின. பூசாரி கையைத் தூக்கினார். பொம்பளைகள் குலவை போட்டார்கள். மதினிதான் எல்லோரையும் விடச் சத்தமாகப் போட்டார்.

வாளிக்குப் பதில் வாளி வாங்கிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் கிளம்பினோம். அவர் என் வண்டியில். அண்ணன் வெள்ளைக் காரில் பின்னால் வந்தார்.

"உங்களுக்குப் புதுப் பேரு என்ன வைக்கலாம்?" என்றேன். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன், அவருக்குக் கேட்டது.

"மொதல்ல ரோட்டப் பாரு."

குளத்தங்கரை முடிந்து மெயின்ரோட்டில் இடது பக்கம் திரும்ப வேண்டும். என் கை தன் வழக்கப்படி வலது குச்சியைத் தட்டியது. வானத்தில் மேகம் என்று ஒரு துளி கிடையாது. வைப்பர் இரண்டும் வரட்டு வரட்டென்று ஓடின. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அட்டையைப் பிடுங்கினார். கண்ணாடி 'சொத்'தென்று உள்ளே இறங்கியது. சன்னல் வழியாக இடது கையை முழங்கை வரை வெளியே நீட்டி, பின்னால் வருகிறவர்களுக்கு வளைவைக் காட்டினார்.

நான் திரும்பினேன். வயற்காற்று உள்ளே வந்து அவர் தலைமுடியைக் கலைத்தது. ரோடு நேராகி, களக்காடு தாண்டி வெகுதூரம் வந்த பிறகும் அவர் அந்தக் கையை உள்ளே எடுக்கவில்லை.