குறை இல்லைங்க ஐயா

ஏட்டு இனாயத்துக்கு மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒண்டுக் குடித்தனம், தி.நகர் பனகல் பார்க் சந்திப்பிலோ தனி ராஜ்ஜியம். இருபத்தெட்டு வருஷமாக டிராஃபிக் போலீஸ். வலது கையைத் தூக்கினார் என்றால் டவுன் பஸ் நிற்கும், தண்ணி லாரி நிற்கும், எவனுக்கும் நிற்காத ஷேர் ஆட்டோகூட ரெண்டடி தாண்டிப் போயாவது நிற்கும். அந்தக் கைதான் போயிற்று.

ரெண்டு தீபாவளிக்கு முன்னால், ஜவுளிக் கூட்டம் நெட்டித் தள்ளிய ஒரு சாயங்காலம், ஏதோ ஒரு வேன் ரிவர்ஸில் வந்து இரும்புத் தடுப்பை இடித்தது. தடுப்பு இனாயத்தின் தோள்மேல் சாய்ந்தது. ஆபரேஷன், பிளேட், மூன்று மாசம் கழுத்தில் மாட்டிய கட்டு. எல்லாம் முடிந்து பார்த்தால், கை நெஞ்சுவரைக்கும் சமர்த்தாக வருகிறது, அதற்குமேல் ஏறமாட்டேன் என்கிறது. சோறு சாப்பிட வேண்டுமென்றால் தலை குனிந்து கைக்கு வரவேண்டும்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை கொடுத்தார்கள். சந்தோஷம். ஆனால் சல்யூட்? போலீஸில் இடது கை சல்யூட் கிடையாது. மனுஷன் யோசித்து ஒரு வித்தை கண்டுபிடித்தார். அதிகாரி வந்தால் இடது கை நைசாகப் போய் வலது முழங்கைக்கு அடியில் ஒரு தள்ளு தள்ளும்; வலது கை விர்ரென்று நெற்றிக்கு ஏறிவிடும். பல்லைக் கடித்து வலியை விழுங்கினால் முடிந்தது கதை. கூட வேலை பார்த்த பிரபுவுக்குத் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

புதிதாக வந்த இன்ஸ்பெக்டருக்கு மட்டும் தெரியாது. "சல்யூட் இவ்ளோ விறைப்பா அடிக்கிறவருக்கு மேசை எதுக்கு? ஆள் பத்தல, ரோட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டார். வித்தை காட்டியதற்குக் கிடைத்த பரிசு!

முதல் நாளே விபரீதம். கைக்குழந்தையோடு ஒரு பெண் ரோட்டைக் கடக்கிறாள், எதிரே பஸ். இனாயத் கையைத் தூக்கினார். அது நெஞ்சோடு நின்றது. பஸ் நிற்கவில்லை. அவர் பாய்ந்து அந்தப் பெண்ணைத் தோளோடு இழுத்ததில் ஒரு சாண் இடைவெளியில் தப்பினாள். டிரைவர் எட்டிப் பார்த்துக் கத்தினான்: "இன்னா சார், நிறுத்தச் சொல்றியா, மாரைச் சொறிஞ்சிக்கினு கீறியா?"

இனாயத் அந்தப் பெண்ணை மறுபக்கம் கொண்டுபோய் விட்டார். அன்றைக்கு மத்தியானமே மனு எழுதினார். பணியில் பட்ட காயத்தால் வேலை பார்க்க இயலவில்லை, பென்ஷனோடு ஓய்வு கொடுங்கள். மெடிக்கல் போர்டு 'இனி இயலாது' என்று எழுதிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். 'இயலும்' என்று எழுதிவிட்டால் திங்கட்கிழமை அதே சந்திப்பு, அதே பஸ். அடுத்த தடவை அந்த ஒரு சாண் மிஞ்சுமா என்பதுதான் அவர் பயம்.

போர்டுக்குப் போகிற அன்றைக்குக் காலையில் அவர் யூனிஃபார்மை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு, ஷூவில் முகம் தெரியத் தேய்த்ததைப் பார்த்த மனைவி ஜமீலுன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொண்ணு பாக்கவா போறீங்க? முடியாத மனுஷன் மாதிரி கொஞ்சம் வாடிப்போய் நில்லுங்களேன்!"

"யூனிஃபார்ம் போட்டுக்கினு எப்படி வாடி நிக்கிறது, ஜமீலா?"

"சரி, வலிக்குதான்னு கேட்டா வலிக்குதுன்னாவது சொல்லுங்க. எங்கிட்ட சொல்ற மாதிரி 'அதெல்லாம் ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிட்டு வந்தீங்க, வூட்டுக்குள்ள விடமாட்டேன், ஆமா."

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் துஆ ஓதிக்கொண்டு உட்கார, இவர் உள்ளே போனார். மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த பெரியவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பாராமல் கேட்டார்: "ம், உமக்கு என்ன குறை?"

அங்கேதான் வந்தது வினை. போலீஸ்காரனிடம் கேட்கவே கூடாத கேள்வி அது. வாராவாரம் பரேடில் அதிகாரி வரிசை வரிசையாக வந்து "குறை ஏதும் உண்டா?" என்பார். உண்டு என்று வாய் திறந்தவனுக்கு மறுநாளே எங்காவது வெயிலில் பந்தோபஸ்து. ஆகவே மொத்த வரிசைக்கும் ஒரே பதில்தான். இருபத்தெட்டு வருஷப் பழக்கம் இனாயத்தின் குதிகாலைச் சேர்த்தது, நெஞ்சை நிமிர்த்தியது, தொண்டையைத் திறந்தது.

"குறை இல்லைங்க ஐயா!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பெரிய டாக்டர் இப்போது நிமிர்ந்து பார்த்தார். "குறை இல்லேன்னா எதுக்குய்யா வந்தீர்? வெளிய நாப்பது பேர் நிக்கிறாங்க. போய் டூட்டியில சேரும்."

"சரிங்க ஐயா!" என்றது அந்தப் பாழாய்ப்போன வாய். போதாக்குறைக்கு ஒரு சல்யூட் வேறு. இடது கை பாய்ந்தது, முழங்கையைத் தள்ளியது, வலது கை நெற்றியில் போய் உட்கார்ந்தது. பெரியவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் ஓரத்தில் இருந்த எலும்பு டாக்டரம்மா. "ஏட்டு, அந்த இடது கைக்கு அங்க என்ன வேலை?"

இனாயத் அவசரமாக இடது கையை இறக்கினார். "பழக்கம்மா."

"அதைப் பின்னால கட்டிக்கிட்டு இன்னொரு தரம் அடிங்க."

இடது கையைப் பின்னால் கட்டினார். வலது கை கிளம்பியது, நெஞ்சுக்கு வந்தது, நின்றது. முக்கினார். தோள் நடுங்கியது, கை நடுங்கியது, மீசைகூட நடுங்கியது. ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இப்ப சொல்லுங்க. குறை இருக்கா?"

இனாயத் அந்தப் பெண்ணை நினைத்தார், கைக்குழந்தையை நினைத்தார். "இருக்குதும்மா" என்றார். "கை ஏறல. ரெண்டு வருஷமா ஏறல. ரொம்ப வலிக்குது." சொல்லி முடிப்பதற்குள் பொலபொலவென்று அழுதுவிட்டார். அவமானமாகத்தான் இருந்தது, ஆனாலும் பாரத்தை இறக்கிவைத்த மாதிரியும் இருந்தது.

வெளியே ஜமீலுன்னிசா அவர் கண்ணைப் பார்த்துப் பதறி எழுந்தாள். "இன்னா சொன்னீங்க உள்ள?"

"முதல்ல குறை இல்லேன்னு சொன்னேன்."

"யா அல்லா!"

"அப்புறம் இருக்குன்னு சொன்னேன். எழுதிட்டாங்க."

ஓய்வு ஆர்டர் கையில் வர நாலு மாசம் ஆயிற்று. வந்த வாரத்தில் மகள் சாய்மாவுக்குத் துணி எடுக்க ரெண்டு பேரும் பனகல் பார்க் போனார்கள். சந்திப்பில் பிரபு டூட்டி. ஏட்டய்யாவைப் பார்த்ததும் விசில் அடித்து நாலு பக்கமும் நிறுத்தினான். பஸ், ஆட்டோ, கார் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, நடு ரோட்டில் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான்.

இனாயத்தின் இடது கை பழக்கப்படி முழங்கைக்குப் பாய்ந்தது. ஜமீலுன்னிசா அதை எட்டிப் பிடித்து, விரல்களைக் கோத்து இறுக்கிக்கொண்டாள். "இப்ப எந்த அதிகாரி பாக்கறான்?" என்றாள்.

வலது கை தன்னந்தனியாகக் கிளம்பி நெஞ்சுவரை வந்து நின்றது. அவர் அதை அங்கேயே வைத்து, "சலாம், பிரபு" என்றார். சலாமுக்கு அந்த உயரம் போதும்.